பித்தளை முதுகில் ஒரு தென்னந்தோப்பு

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பாத்திரக்கடை இருந்தது. கல்யாணச் சீருக்கு வாங்கிக் குவித்த எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டித் தர, கடை வாசலில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். கையில் சின்ன உளி, சின்னச் சுத்தியல். குடத்தை முழங்காலில் அணைத்துக்கொண்டு டக்டக்கென்று தட்டினால் புள்ளி புள்ளியாக எழுத்து வளரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அங்கேயே நின்றுவிடுவேன். "என்ன தம்பி, உன் பேரையும் வெட்டணுமா?" என்பார். எழுத்து முடிந்ததும், யாரும் கேட்காமலே, பேருக்குக் கீழே ஒரு கொடியையும் இரண்டு இலையையும் வெட்டுவார். அதற்காகத்தான் நிற்பேன். கூலி எழுத்துக்குத்தான். இலைக்குக் காசு கிடையாது.

உலோகத்தின் மேல் படம் போடும் வேலையில் எனக்குள்ள பித்து அந்தச் சாக்கு விரிப்பில் தொடங்கியது. அது அமெரிக்காவில் செய்த பழைய கிட்டார்கள் வரைக்கும் போனதற்குக் காரணம் ஒரு கேசட் அட்டை.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் 1985இல் வந்தது. என் கைக்கு வந்தது சில வருஷம் கழித்து, கல்லூரி விடுதியில். அட்டையில் வானம். வானத்தில் தன்னந்தனியாக ஒரு வெள்ளி நிறக் கிட்டார். அதன் உடம்பில் தென்னை மரங்கள் தெரிந்தன. பளபளக்கும் உலோகம் அல்லவா, எதிரே நிற்கிற மரங்கள் அதில் பிரதிபலிக்கின்றன என்றே நினைத்துக்கொண்டேன். அது அந்தக் குழுவின் மார்க் நாஃப்ளருடைய கிட்டார், நேஷனல் கம்பெனி 1937இல் செய்த 'ஸ்டைல் ஓ' என்பதும், அந்த மரங்கள் உலோகத்திலேயே போடப்பட்டவை என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தெரிந்த அன்றைக்கு அந்த அட்டையைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். இத்தனை வருஷமாக ஒரு மனிதரின் கைவேலையை வெறும் நிழல் என்று நினைத்திருக்கிறேன்.

கிட்டாரை ஏன் உலோகத்தில் செய்தார்கள்? சத்தத்துக்காக. 1920களில் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் கிட்டார்காரரின் உதவிக்கு வரவில்லை. டிரம்பெட்டும் பாஞ்சோவும் முழங்குகிற நடன அரங்கில் மரக் கிட்டார் வாசிப்பவர் கையை ஆட்டுவது தெரியும், வாசிப்பது கேட்காது. ஜார்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞர், ஹவாய்ப் பாணியில் வாசிப்பவர், லாஸ் ஏஞ்சலிஸில் வாத்தியம் செய்துகொண்டிருந்த ஜான் டோப்யேராவிடம் இந்தக் குறையைச் சொன்னார். டோப்யேரா ஸ்லோவாக்கிய நாட்டுக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மெல்லிய அலுமினியத்தில் மூன்று கூம்புகள் செய்து, அவற்றை ஆங்கில 'டி' எழுத்து வடிவச் சட்டத்தால் இணைத்து, அதன் மேல் தந்திகளை உட்காரவைத்தார். ஒலிபெருக்கியின் கூம்பு செய்கிற வேலையை மின்சாரமே இல்லாமல் அவை செய்தன. 1927இல் நேஷனல் கம்பெனி பிறந்தது. மூன்று கூம்புக் கிட்டாருக்கு 'டிரைகோன்' என்று பெயர்.

உடம்புக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஜெர்மன் சில்வர். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிறோமே, குங்குமச்சிமிழ், அதே ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பதெல்லாம் செம்பு, நிக்கல், துத்தநாகம். தகட்டை அச்சில் அழுத்தி கிட்டார் உடம்பாக வளைத்துத் தந்தவர் அதே ஊரில் பட்டறை வைத்திருந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

வழவழவென்று, வளைந்து, வெள்ளையாக ஒரு பெரிய பரப்பு கிடைத்துவிட்டது. கையில் உளி வைத்திருப்பவர் அதைச் சும்மா விடுவாரா?

நான்கு தரத்தில் டிரைகோன் விற்றார்கள். ஸ்டைல் 1 வெறும் பளபளப்பு, 125 டாலர். ஸ்டைல் 2இல் காட்டு ரோஜா, 145. ஸ்டைல் 3இல் லில்லி மலர்க் கொடி, 165. ஸ்டைல் 4இல் சாமந்தி, 195. சத்தம் நான்கிலும் ஒன்றேதான், கூம்புகளும் அவையேதான். வெறும் கிட்டாருக்கும் சாமந்திக் கிட்டாருக்கும் இடையில் இருக்கும் 70 டாலர் நகாசு வேலைக்கான விலை. அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிக்கு 70 டாலர் சின்னப் பணமில்லை. அப்படியும் வாங்கினார்கள். டாம்பா ரெட் என்ற சிகாகோ ப்ளூஸ் கலைஞர் தங்க முலாம் பூசிய டிரைகோனை வைத்திருந்ததால் தங்கக் கிட்டார்காரர் என்றே பேர் வாங்கினார்.

இந்தச் செதுக்கலை அருகில் வைத்துப் பார்த்தால் கோடுகள் நேராக ஓடுவதில்லை. உளியை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி முன்னே தள்ளினால் வளைவுக்குள் வளைவாக ஒரு நெளிகோடு விழும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதில் ஏதாவது ஒரு முகம் மின்னும். மேடையில் வாசிப்பவர் கொஞ்சம் அசைந்தாலே சாமந்தி இதழ் விரிவது போல் இருக்கும். தெரிந்து செய்த உத்தி இது.

செதுக்கல் மெதுவான வேலை, கைதேர்ந்தவர் வேண்டும், கூலியும் அதிகம். 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. விலை குறைந்த கிட்டார் வேண்டும். 1930இல் ஸ்டைல் ஓ வந்தது. மூன்று கூம்புக்குப் பதில் ஒன்பதரை அங்குலத்தில் ஒரே கூம்பு. ஜெர்மன் சில்வருக்குப் பதில் பித்தளை உடம்பு, மேலே நிக்கல் முலாம். உளிக்குப் பதில் மணல்.

சாண்ட் பிளாஸ்டிங் என்றால் நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. பூஜையறைக் கதவுக் கண்ணாடியில் லட்சுமியும் மயிலும் பனி படர்ந்தது போல் வெள்ளையாகத் தெரிகிறார்களே, அதே வேலை. மறைக்க வேண்டிய இடத்தை ஸ்டென்சிலால் மூடிவிட்டு, காற்றழுத்தத்தில் மணலை வீசினால், திறந்திருக்கும் இடம் மட்டும் சொரசொரப்பாகி மங்கும். மூடிய இடம் கண்ணாடி போலவே இருக்கும். பளபளப்புக்கும் மங்கலுக்கும் நடுவே படம் பிறக்கிறது. நிறம் ஒன்றுமே இல்லை. சாய்ந்த தென்னைகள், கடற்கரை, மேகம் என்று முன்னும் பின்னும் போட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் காட்சி கொஞ்சம் கொஞ்சம் மாறியது. சேகரிப்பவர்கள் இன்றைக்கு மரத்தையும் மேகத்தையும் வைத்தே ஒரு கிட்டாரின் வயதைச் சொல்கிறார்கள்.

இன்னும் மலிவாக வேண்டியவர்களுக்கு எஃகு உடம்பு, அதில் பெயிண்ட். 'டிரையோலியன்' என்ற வகையில் மஞ்சள் அடித்து, ஓரங்களில் பல நிறங்களை ஸ்ப்ரேயில் தூவி, அதன் மேல் ஸ்டென்சிலில் ஹவாய்க் காட்சி வைத்தார்கள். 'டுவோலியன்' 32.50 டாலர். அதில் படமே கிடையாது. ஆனால் அதற்கு அடித்த டூகோ பெயிண்ட் காயும்போது, குளிர்காலத்து ஜன்னலில் உறைபனி கிளை விடுவது போல் படிகம் படிகமாகத் திரண்டுவிடும். வேதியியலே ஓவியம் வரைந்த உடம்பு. ப்ளூஸ் கலைஞர் பிளைண்ட் பாய் ஃபுல்லரின் கையில் இருந்தது அதுதான். பி.பி. கிங்குக்கு உறவினரான புக்கா வைட் தன் டுவோலியனுக்கு 'ஹார்ட் ராக்' என்று பேரே வைத்திருந்தார்.

எனக்கு உயிர் எதில் என்று கேட்டால், 1936 வாக்கில் வந்த ஸ்டைல் 35, ஸ்டைல் 97 இரண்டையும் சொல்வேன். கம்பெனி சிகாகோவுக்கு இடம் மாறிய வருஷம் அது. இரண்டும் டிரைகோன், பித்தளை மேல் நிக்கல். இவற்றில் உலோகத்தை அரித்துப் படமும் போட்டார்கள், அந்தப் படத்துக்குள் ஏர்பிரஷ்ஷால் எனாமல் நிறமும் ஏற்றினார்கள். ஸ்டைல் 35இல் மரத்தடியில் அந்தக் கால ஐரோப்பிய உடையில் ஒரு பாணர் லூட் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார். ஸ்டைல் 97இல் ஒரு பெண் அலைமேல் பலகையில் நிற்கிறாள், கூடவே தென்னை மரங்கள்.

எனாமல் என்றதும் பழைய வெள்ளைத் தட்டு நினைவுக்கு வரலாம். அது கண்ணாடிப் பொடியை 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. கிட்டாரை அந்த உலையில் வைத்தால் பற்றவைத்த ஈயமெல்லாம் உருகித் தகடு தனித்தனியாக விழுந்துவிடும். இது பெயிண்ட் எனாமல், ஜன்னல் கம்பிக்கு அடிக்கிறோமே அந்த இனம். நிக்கல் மீது பெயிண்ட் பிடிப்பது கஷ்டம். பளிங்கில் தண்ணீர் நிற்காத மாதிரி நழுவப் பார்க்கும். அரித்துச் சொரசொரப்பாக்கிய இடத்தில்தான் அதற்குப் பிடிமானம். அதனால் அரித்த கோடு இங்கே இரண்டு வேலை செய்கிறது: படத்துக்கு வரம்பு, நிறத்துக்கு வேர். இதை யோசித்துச் செய்தவரின் பெயர் எந்தக் கிட்டாரிலும் இல்லை. கம்பெனி பெயர் தலையில் இருக்கிறது. அலையில் நிற்கும் பெண்ணை வரைந்த கைக்குக் கையெழுத்து இல்லை.

ஏன் எங்கு பார்த்தாலும் ஹவாய்? அன்றைய அமெரிக்காவின் பைத்தியம் அது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியில் ஹவாய் இசைக்குழுக்கள் வாசித்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து, தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிற அந்த முறை, நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்ட காதுக்கு உடனே உறவாகிவிடும். வைக்கிக்கி கடற்கரையில் ராயல் ஹவாயன் ஹோட்டல் திறந்ததும் 1927, நேஷனல் கம்பெனி பிறந்ததும் 1927. கப்பல் டிக்கெட் வாங்க முடியாதவர்கள் தென்னை போட்ட கிட்டார் வாங்கினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் படங்களில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். 1893இல் ஹவாய் அரசியை இறக்கிவிட்டு, 1898இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கரும்புத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த கூலிகள் முதுகொடிய உழைத்தார்கள். ஸ்டைல் ஓவின் கடற்கரையில் அவர்களில் ஒருவரும் இல்லை. காலியான கரை, சாய்ந்த மரம், மிதக்கும் மேகம். சுற்றுலா விளம்பரத்தின் கண்ணால் பார்த்த ஊர் அது. தோட்டக் காட்டில் நம் ஆட்கள் பட்ட பாட்டைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இந்த வெறுமை சட்டென்று கண்ணில் படும். படம் அழகுதான். அந்த அழகோடு இதையும் சேர்த்தேதான் நான் பார்க்கிறேன்.

ஒருமுறை கலிஃபோர்னியாவுக்குப் போனபோது, என் தம்பி முறையாகிற ஒருவன் தன் நண்பர் வீட்டுக்கு அழைத்துப்போனான். அவரிடம் 1930களின் ஸ்டைல் ஓ ஒன்று இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "தொடுண்ணா, அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றான் தம்பி. கையை வேட்டியில் துடைக்கிற பழக்கத்தில் பேண்டில் துடைத்துக்கொண்டு, விரலை வைத்தேன். முதலில் குளிர்ச்சி. வானம் வழுக்கியது. மரத்தின் ஓரம் வந்ததும் விரல் நின்றது. நாக்கில் படும் சர்க்கரை மாதிரி அத்தனை மெல்லிய சொரசொரப்பு. கண்ணை மூடிக்கொண்டும் அடிமரம் எங்கே, ஓலை எங்கே என்று விரலால் சொல்ல முடிந்தது. கண் தெரியாத எத்தனையோ ப்ளூஸ் கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் யார் விரலாவது இப்படி ஒரு மரத்தைக் கண்டுபிடித்திருக்கும்.

அவர் கிட்டாரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம்தான் பெரிய காட்சி. முன்பக்கத்தில் கூம்பை மூடும் சல்லடைத் தகடு இடத்தை எடுத்துக்கொள்கிறது, பின்பக்கம் முழுவதும் காலி. அதனால் பெரிய படம் அங்கே. ஆனால் நின்று வாசித்தால் பின்பக்கம் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மடியில் வைத்து வாசித்தால் தொடைமேல் படுத்துவிடும். கேட்க வந்தவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் வாசிப்பவர் ஒருவர் மட்டும் பார்ப்பார். எனக்கு எங்கள் தெருப் பெரியவரின் இலை ஞாபகம் வந்தது.

பார்க்க ஆளில்லாத அந்தப் பக்கம்தான் முதலில் தேயும். பெல்ட் பக்கிள் கீறும், சட்டைப் பொத்தான் உரசும், வியர்வை நிக்கலை மங்கவைக்கும். செதுக்கல் உலோகத்துக்குள் இருக்கிறது, நூறு வருஷம் தாங்கும். மணல் பட்டது மேல்தோலில் இருக்கிறது, பாதி தாங்கும். எனாமல் வெறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நிறம் குலையாத ஸ்டைல் 97ஐ இன்று பார்ப்பது அரிது.

தேய்மானத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதை என் வீட்டிலேயே பார்த்தேன். பாட்டியின் பித்தளை வெற்றிலைப்பெட்டி. மூடியில் இரண்டு கிளிகள், இறகுக்கு இறகு கோடு. நடுவில் சிவப்பும் பச்சையும் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாட்டி போன பிறகு, கறுத்துப் போயிருக்கிறதே என்று பாலிஷ் போட ஒரு பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் தங்கம் போல் திரும்பி வந்தது. கிளிகள் இல்லை. பஃபிங் சக்கரத்தில் இரண்டு நிமிஷம் பிடித்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பளபளவென்று வேண்டும் என்று கேட்டவன் நான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு கிளியின் அலகு மட்டும் இன்னும் தெரிகிறது.

இந்தக் கிட்டார்களுக்கும் அதே கதி நடந்திருக்கிறது. மின்சாரக் கிட்டார் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு யாருமில்லை, பீச்சமும் ரிக்கன்பேக்கரும். 1932இல் அவர்களுடைய 'வாணலி' கிட்டார் விற்பனைக்கு வந்தது. சத்தத்துக்கு உலோக உடம்பு தேவையில்லை என்றாகிவிட்டது. 1940களின் தொடக்கத்தில், உலோகமெல்லாம் போருக்குப் போன சமயத்தில், உலோகக் கிட்டார் தயாரிப்பு நின்றது. பழையவை பரண் ஏறின. பிறகு இறக்கியவர்களில் பலர் முலாமைச் சுரண்டி மறுமுலாம் போட்டார்கள், பெயிண்டை உரித்தார்கள், சக்கரத்தில் பிடித்தார்கள். மலைகளும் மரங்களும் மழுங்கிப்போன கிட்டார்களைப் படங்களில் பார்த்திருக்கிறேன். வாசித்தால் நன்றாகவே ஒலிக்குமாம். இருக்கலாம். எனக்கு அது முகம் அழிந்த சிற்பம்.

பாப் பிராஸ்மன் 1993இல் இந்த வாத்தியங்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவரே தேர்ந்த வாசிப்பாளராக இருந்தவர். எந்த வருஷத்தில் எந்தப் படம் என்று தேடுகிறவர்களுக்கு அது வழித்துணை. 1989இல் கலிஃபோர்னியாவில் டான் யங், மெக்கிரெகர் கெய்ன்ஸ் இருவரும் நேஷனல் ரெசோபோனிக் கம்பெனியைத் தொடங்கி, ஸ்டைல் ஓவைத் தென்னையோடு மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். புதியவை அழகானவை, வேலை சுத்தம். ஆனாலும் 1930களின் ஸ்டென்சில் கொஞ்சம் நழுவி ஓலை ஓரம் கலங்கிய அந்தப் பழைய மரத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இதைப் படிக்கிற உங்களில் கிட்டார் வைத்திருப்பவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். வெற்றிலைப்பெட்டியோ, செம்போ, பேர் வெட்டிய குடமோ, பூப் போட்ட டிரங்குப் பெட்டியோ பரணில் இல்லாத வீடு குறைவு. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அது கையில் கிடைத்தால், உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். பிராஸோ வேண்டாம், புளி வேண்டாம். பட்டறையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு முன்னால் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.